பாலோடு விழுங்கிய குளிசை

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் செய்யும் உறுதிபூசுதல் சடங்கில் ஆயர் நெற்றியில்தான் தைலம் பூசுவார். கையிலோ கன்னத்திலோ பூசுவதாக இருந்திருந்தால் அந்த வருடம் எனக்கு இவ்வளவு கரைச்சல் வந்திருக்காது. பதினைந்து வயதில் என் நெற்றியில் விரல் வைக்க இடமில்லை. ஒரு பரு பழுத்து உடைய, அதன்மேலேயே இன்னொன்று முளைக்கும். கோயில் நிறைந்த சனத்துக்கு முன்னால் ஆயர் இதைத் தொடப்போகிறார் என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

அப்பா கடலுக்குப் போகிறவர். "உது தானா மாறும்" என்பதோடு அவருடைய வைத்தியம் முடிந்தது. அழுது, அடம்பிடித்து, சாப்பிடாமல் கிடந்துதான் அம்மாவை ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டொக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மூன்று மாதத்துக்கு அன்ரிபயோற்றிக் குளிசை எழுதினார். அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மூண்டு மாசமோ? காய்ச்சலுக்கே அஞ்சு நாளுக்கு மேல தாறேல்லையே டொக்டர்! வயிறு எரியாதோ? ஈரல் பழுதாகாதோ?"

அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். அம்மா விடவில்லை.

"நாளைக்கு இவள் கலியாணம் கட்டினாப் பிறகு, பிள்ளை தங்காமல் போகாதோ?"

அந்த அறைக்குள்ளேயே நீள வாங்கு போட்டு அடுத்த நோயாளிகளை இருத்தியிருந்தார்கள். என் வகுப்புப் பெட்டை ஒருத்தியும் அதில் தாயோடு இருந்தாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஐயோ, நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. டொக்டர் அதற்குப் பிறகும் ஏதோ சொன்னார். வெட்கத்தில் என் காதில் ஏறவில்லை. அம்மாவின் காதில் ஏன் ஏறவில்லை என்று நான் யோசிக்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் என்னை 'பிள்ளைத்தாச்சி' என்று கூப்பிட்டார்கள்.

எங்கள் வீட்டுச் சட்டப்படி எந்தக் குளிசையும் சூடு. சூட்டுக்கு மாற்று பால். அம்மா பக்கத்து வளவில் ஆட்டுப்பால் வாங்கிக் காய்ச்சி, பாதியைக் குடிக்கவைத்து, குளிசையை விழுங்கவைத்து, மிச்சத்தையும் குடிக்கும்வரை அசையமாட்டார். பிறகு என் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்ப்பார். "வயித்துக்குள்ள ஏதும் செய்யுதோ?" என்று கேட்பார். இல்லை என்றால் நம்பமாட்டார். நானும் தினமும் கண்ணாடியைப் பார்த்தேன். பரு அசையவேயில்லை.

உறுதிபூசுதலுக்கு முன்னால் மறுபடி போனோம்.

"குளிசை ஒழுங்கா எடுக்கிறீங்களோ?" என்று டொக்டர் கேட்டார்.

"ஓம் டொக்டர், நானே பக்கத்தில நிண்டு பாலோட குடுக்கிறனான்" என்றார் அம்மா. அவர் குரலில் பெருமை வேறு.

"பாலோட எடுத்தா இந்த மருந்து சரியாப் பிடிக்காது அம்மா. அண்டைக்கே சொன்னனான்."

வாங்கில் யாரோ சிரித்தார்கள். உறுதிபூசுதலுக்குள் மாறுமா என்று நான் கேட்டேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"எல்லாம் இவவாலதான்!" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. டொக்டரைப் பார்த்துத்தான் சொன்னார்.

"இவளுக்கு அடுத்ததா ஒண்டு வயித்தில இருந்தது டொக்டர். சண்டைக்குள்ள கால் காயத்துக்கு உப்பிடித்தான் குளிசை தந்தவை. கொஞ்ச நாளிலேயே கலைஞ்சு போச்சுது. குளிசையாலயோ, பசியாலயோ, பங்கருக்குள்ள கிடந்ததாலயோ, ஆருக்குத் தெரியும்? விழுங்கினது நான்தானே."

டொக்டர் பேனையை மேசையில் வைத்தார். அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது: நான் அந்த நேரத்தில் திரும்பி, தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்றுதான் பார்த்தேன். அம்மா ஊர் முன்னால் அழுகிறாரே, நாளைக்கு இதையும் சொல்லிச் சிரிப்பார்களே என்பதுதான் என் கவலை.

பஸ்ஸில் வரும்போது, "இனி நீங்கள் வரவேண்டாம். நான் தனியப் போறன்" என்றேன்.

"ஓம்" என்றார் அம்மா, யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

உறுதிபூசுதல் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. ஆயர் பெருவிரலால் சிலுவை போட்டுவிட்டு அடுத்த பிள்ளைக்கு நகர்ந்தார். என் பருவை அவர் கவனித்த மாதிரியே தெரியவில்லை. அதன் பிறகு குளிசையை வெறும் தண்ணீரோடுதான் விழுங்கினேன். அம்மா தூரத்தில், குசினி வாசலில் நின்று பார்ப்பார். ஒன்றும் கேட்கமாட்டார்.

அடுத்த முறை கிளினிக்குக்குத் தனியாகப் போனேன். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. அதைக் காட்டத்தான் அவசரம். டொக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார்.

"அம்மா வரேல்லையோ? எப்பிடி இருக்கிறா?"

இந்த மனிதருக்கு இத்தனை நோயாளிகளுக்குள் மறந்துபோய்விட்டதாக்கும் என்று நினைத்தேன்.

"அவவுக்கு ஒண்டுமில்லை டொக்டர்" என்றேன். "எனக்குத்தானே பரு."