பனிமேல் நின்று நான் திட்டிச் சொன்ன செபம்

என் தம்பி ஜூட் பனிச்சரிவில் புதைந்துபோன கதையை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் எங்கள் வெள்ளிக்கிழமைச் செபக்கூட்டத்தை நடத்துகிற என் சின்னம்மா அதைக் கண்ணீர் வழியச் சொல்வார். ஆனால் சின்னம்மா அன்று அந்த மலையில் இருக்கவில்லை. நான் இருந்தேன். ஆகையால் ஆண்டவருக்கு முன்பாக என் சாட்சியை நானே எழுதுகிறேன். கொஞ்சம் கசக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மாசி மாதம். ஜூட் மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை செய்துகொண்டிருந்தான். அந்த வேலையால் விமான டிக்கெட் மலிவாகக் கிடைக்கும். கூட வேலை செய்கிறவர்கள் மாரிக் குளிரில் மேற்கே றொக்கி மலைப்பக்கம் போய் வந்து படம் படமாகக் காட்டுவார்கள். இவனுக்கும் ஆசை வந்துவிட்டது. "பனிச்சறுக்கு வேண்டாம் அக்கா. காலிலை ஸ்னோஷூவைக் கட்டிக்கொண்டு நடக்கிறதுதானே, நீயும் அத்தானும் வாங்கோ" என்றான். ஸ்னோஷூ என்றால் பனியில் கால் புதையாமல் இருக்கச் சப்பாத்துக்குக் கீழே கட்டுகிற அகலமான சட்டம். ஏறக்குறைய டென்னிஸ் மட்டை மாதிரி இருக்கும். அதைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடந்து காட்டி எங்களைச் சிரிக்க வைத்தான்.

போவதற்கு முன்னால் பனிச்சரிவுப் பாதுகாப்பு வகுப்புக்குப் போகவேண்டும் என்று அவனுடைய வேலைத்தோழன் ஒருவன் விடாப்பிடியாகச் சொல்லிவிட்டான். ரொறன்ரோ நகரத்துக்குள் ஒரு மண்டபத்தில் இரண்டு பின்னேரமும், ஒரு சனிக்கிழமை பூங்கா ஒன்றின் சரிவிலும் வகுப்பு. நானும் என் கணவர் அன்ரனும் ஜூட்டும் மூன்று பேரும் போனோம்.

சின்னம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"உதெல்லாம் என்னத்துக்கு ரீட்டா? ஆண்டவர் காப்பாத்துவார் எண்டு விசுவாசம் இல்லாததுகள்தான் உப்பிடிக் காசு கட்டிப் படிக்கிறதுகள். ஊர்ச் சண்டையிலை ஷெல்லடிக்குள்ளாலை வந்த சனம் நாங்கள். எங்களுக்கு ஸ்னோவுக்குப் பயமோ?"

கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன், வேறு என்ன செய்ய?

அந்த வகுப்பில் என்ன படித்தோம் என்று கொஞ்சம் சொல்லவேண்டும். பீக்கன் என்று ஒரு சின்னப் பெட்டி. அதைச் சட்டைக்கு மேல், ஜாக்கெட்டுக்கு உள்ளே, பட்டிகளால் உடம்போடு இறுக்கிக் கட்டவேண்டும். அது எந்த நேரமும் ஒரு சைகையை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தங்கள் பெட்டியைக் கேட்கிற பக்கம் மாற்றிக் காதில் குழாயைச் செருகிக்கொண்டு தேடவேண்டும். பீப், பீப் என்று கேட்கும். கிட்டப் போகப் போகச் சத்தம் கூடும். பிறகு நீளக் கம்பியால் குத்திப் பார்த்து, ஷவல் என்கிற சின்ன மண்வாரியால் கிண்டவேண்டும். பாடம் எடுத்த பெண் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். உதவி தேடி ஓடவேண்டாம், பக்கத்தில் நிற்கிற நீங்கள்தான் உதவி, புதைந்தவருக்கு முதல் கால் மணித்தியாலம்தான் நல்ல காலம், பிறகு ஒவ்வொரு நிமிடமும் கையைவிட்டுப் போகும். காலையில் கார் நிற்கிற இடத்திலேயே ஒருவர் பெட்டியை ஒருவர் சோதிக்கவேண்டும். வீட்டுக்குத் திரும்பும்வரை அதைக் கழற்றக்கூடாது.

கழற்றக்கூடாது என்பதை ஜூட்டும் என் பக்கத்தில் இருந்துதான் கேட்டான்.

அந்த நாட்களில் அவனுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா மன்னாரில். இங்கே எல்லாம் சின்னம்மாவின் பொறுப்பு. பொம்பிளை வீட்டார் கொழும்பில் இருந்தார்கள், மாப்பிள்ளையின் படம் கேட்டிருந்தார்கள். "எல்லாப் பெடியளும் காருக்கு முன்னாலை நிண்டுதான் படம் அனுப்புறாங்கள். நீ மலைக்குப் போறாய்தானே, ஸ்னோ மலைக்கு முன்னாலை வடிவா நிண்டு ஒண்டு எடுத்துக்கொண்டு வா" என்று சின்னம்மா சொல்லி அனுப்பினார். அதற்கென்று அவன் புதுச் சேட் ஒன்றும் வாங்கினான்.

காலையில் கார் நிறுத்துமிடத்தில் படித்தபடியே மூன்று பெட்டியையும் சோதித்தோம். எல்லாம் வேலை செய்தன. நடந்தோம். வெயில் எறித்தது. ஒரு திறந்த சரிவின் அடிவாரத்தைக் கடக்கவேண்டி வந்தது. இடைவெளி விட்டு, நிற்காமல் கடக்கவேண்டும் என்பது பாடம். நான் முதலில் கடந்து அப்பால் இருந்த மரங்களுக்குள் போய்க் குனிந்து காலில் கட்டிய பட்டியை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

பின்னால் வந்த இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். அந்த இடத்தில்தான் மலை நன்றாகத் தெரிந்ததாம்.

முதலில் ஒரு அடைத்த சத்தம். நிமிர்ந்து பார்த்தபோது சரிவே நகர்ந்து வந்தது. பெரிய சரிவு இல்லை என்று பிறகு வந்தவர்கள் சொன்னார்கள். என் தம்பிக்கு அது போதும். தூள் அடங்கியபோது ஓரத்தில் அன்ரன் இடுப்பளவு பனிக்குள் நின்றார். கமெரா கழுத்தில் தொங்கியது. ஜூட் இல்லை.

மேலே இன்னும் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. "பெட்டியை மாத்துங்கோ, கேக்கிற பக்கம் மாத்துங்கோ" என்று கத்திக்கொண்டு ஓடினேன். காதில் குழாயை வைத்தேன். ஒன்றும் இல்லை. "ஆண்டவரே, காட்டித் தாரும். ஒரு சத்தம், ஒரேயொரு சத்தம்" என்று கெஞ்சினேன்.

பீப்.

அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோசத்தை எழுத முடியாது. என் செபம் கேட்கப்பட்டது என்று அப்போது உறுதியாக நம்பினேன். பூங்காவில் பழகியபடி ஒலியைக் குறைத்துக் குறைத்து, கீழே கீழே போனேன். அன்ரனும் தன்னைக் கிண்டி எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கம்பி எதிலோ முட்டியது. இரண்டு பேரும் வெறி பிடித்தவர்களாகக் கிண்டினோம். பனிச்சரிவில் வந்த பனி பஞ்சு போல இருக்காது, சீமெந்து போல இறுகிக் கிடக்கும். கை எரிந்தது. நீலத் துணி தெரிந்தது. பிடித்து இழுத்தேன்.

அது ஜூட்டின் பை. பை மட்டும்தான்.

திறந்தேன். உள்ளே பீக்கன், பட்டிகள் சுற்றியபடி, குட்டி வெளிச்சத்தைச் சிமிட்டிக்கொண்டு இருந்தது.

அன்ரன் தலையில் கை வைத்தார். "ஐயோ, கழட்டினவன். புதுச் சேட் தெரிய ஜாக்கெட்டைத் திறந்தவன், நெஞ்சிலை பட்டி தெரிஞ்சா படம் வடிவில்லை எண்டு கழட்டிப் பைக்குள்ளை வச்சு, பையையும் தள்ளி வச்சவன். எடுத்த கையோடை திருப்பிப் போட்டிருப்பான் எண்டு நினைச்சன் ரீட்டா."

அப்பம் கேட்ட எனக்கு ஆண்டவர் கல்லைத் தந்ததாகவே பட்டது. எவ்வளவு நேரம் போய்விட்டது என்று எனக்குத் தெரியும். அதற்கு என்ன அர்த்தம் என்பதும் வகுப்பில் படித்ததுதான்.

அன்புள்ளவர்களே, இந்த இடத்தில் நான் முழங்காலில் விழுந்தேன், மாதாவை மன்றாடினேன் என்று சின்னம்மா சொல்வார். இல்லை. நான் எழுந்து நின்று வானத்தைப் பார்த்துத் திட்டினேன். அந்த மலை முழுக்கக் கேட்கத் திட்டினேன்.

"நீர் ஆண்டவரோ? பையையோ நான் உம்மட்டைக் கேட்டனான்? கண் இல்லையோ உமக்கு? ஷெல்லடிக்கை விட்டுவச்சது இஞ்சை கொண்டுவந்து கொல்லவோ? அவனைத் தாரும். இப்பவே தாரும். தராட்டி இனி உம்மடை கோயில் வாசலையும் மிதிக்கமாட்டன், உம்மடை பேரையும் சொல்லமாட்டன்!"

திட்டிக்கொண்டேதான் நடந்தேன். வாய் திட்டினாலும் புத்தி வகுப்பில் இருந்தது. பெட்டி உதவாவிட்டால் ஆளைக் கடைசியாகக் கண்ட இடத்துக்குத் திரும்பு, அங்கிருந்து பனி ஓடிய வழியே கீழே பார், எங்கே குவிந்திருக்கிறதோ அங்கே குத்து.

"எவடத்திலை நிண்டவன்? காட்டுங்கோ!"

அன்ரன் காட்டினார். கமெராவுக்குள்ளால் ஒழுங்காகப் பார்த்து வைத்தவர்தானே, பட்டுப்போன மரத்துக்கு நேரே என்று தயங்காமல் சொன்னார். அதற்குக் கீழே ஒரு பாறையில் மோதிப் பனி மேடாக நின்றது. அந்த மேட்டில் அடி அடியாகக் கம்பியை இறக்கினோம். நான் இறக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு வசவு. கடினம். கடினம். பிறகு ஓரிடத்தில் கம்பி மெத்தென்று நின்றது.

முகத்தைக் கண்டபோது அது நீலமாக இருந்தது. வாய்க்குள் இருந்த பனியை விரலால் தோண்டி எடுத்தேன். மூச்சு இல்லை. வாயில் வாய் வைத்து ஊதினேன். அன்ரன் அழுதுகொண்டே மற்றப் பக்கம் கிண்டினார். ஊதினேன். ஊதினேன். அவன் இருமினான்.

பிறகு அந்தப் பக்கம் போன பனிச்சறுக்குக்காரர்கள் சிலர் வந்தார்கள், ஹெலிகொப்டர் வந்தது, ஆஸ்பத்திரி. ஜூட் பிழைத்தான். இடுப்பும் இடது காலும் நொறுங்கியிருந்தன. இன்றும் காலை இழுத்துத்தான் நடக்கிறான். சரக்கு ஏற்றும் வேலை போனது. படம் கழுவி வந்தது. நல்ல வடிவான படம். சின்னம்மா அனுப்பியும் வைத்தார். ஆனால் கொழும்புக்கு அதற்கு முன்பே கதை போய்விட்டது. நொண்டிக்குப் பிள்ளை கொடுக்க அவர்களுக்கு விருப்பமில்லை.

அதற்குள் இங்கே சாட்சி தயாராகிவிட்டது. "மெஷின் பொய் சொல்லிச்சுது, மாதா உண்மையைக் காட்டினா" என்று சின்னம்மா கூட்டத்தில் சொல்ல, சனம் அல்லேலூயா என்றது. மெஷின் பொய் சொல்லவில்லை. அதை எங்கே வைத்தோமோ அந்த இடத்தைச் சரியாகக் காட்டியது. பொய்யும் பெருமையும் எங்கே இருந்தன என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்க யாருக்கும் நேரமில்லை.

அதோடு விடவில்லை. நான் திட்டியதை அன்ரன் ஏதோ பேச்சில் சொல்லிவிட்டார்.

"ஆண்டவரை அப்பிடிப் பேசின வாய், பிள்ளை. எல்லாருக்கும் முன்னாலை மன்னிப்புக் கேள். இல்லாட்டி அவன்ரை கால் சுகப்படாது" என்றார் சின்னம்மா.

அந்த வார்த்தை உள்ளே போய் இருந்துவிட்டது. ஒருவேளை உண்மையோ என்று பயந்தேன். கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினேன். செபமாலையைக் கையில் எடுத்தால் வாய் வராது. தம்பி உயிரோடு வீட்டில் இருக்கிறான், எனக்கு நன்றி சொல்லத் தெரியவில்லை. அந்த மாதங்களைப் போல வறண்ட காலம் என் வாழ்க்கையில் இல்லை.

கோடை தொடங்கிய பிறகு ஒரு நாள் ஜூட்டைக் கால் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கட்டிடத்துக்கு முன்னால் காரை நிறுத்தினேன். அவன் இறங்கவில்லை.

"அக்கா, நீ ஏன் கூட்டத்துக்குப் போறேல்லை?"

சின்னம்மா சொன்னதைச் சொன்னேன்.

அவன் கதவில் வைத்த கையை எடுத்தான். பிறகு, "நான் உள்ளுக்கை இருந்து கத்தினன் அக்கா" என்றான். "என்ரை சத்தம் எனக்கே திருப்பி வந்துது. ஆனா மேலை நடக்கிறது எனக்குக் கேட்டுது. நீங்கள் ரெண்டுபேரும் கிட்ட ஓடி வந்தது கேட்டுது. பிறகு அப்பிடியே தள்ளிப் போனது கேட்டுது. பைக்குத்தான் போறியள் எண்டு எனக்கு விளங்கீட்டுது. நான்தானே அதை அதுக்குள்ளை வச்சனான்."

நான் என்ஜினை அணைத்தேன்.

"அப்ப ஒரு செபம்தான் சொன்னன். ஆண்டவரே, அக்கா போயிடக்கூடாது எண்டு. வேறை ஒண்டும் வாயிலை வரேல்லை. கொஞ்சத்தாலை நீ திட்டத் தொடங்கினாய். நீர் ஆண்டவரோ எண்டு. எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டுது அக்கா. திட்டித் திட்டிக் கிட்ட வந்தாய். அக்கா வாறா, விடமாட்டா எண்டு நினைச்சன். மூச்சை மெல்ல மெல்ல விட்டன். நீ பேசாமல் செபம் சொல்லியிருந்தா, போயிட்டாய் எண்டு நான் நினைச்சிருப்பன்."

அந்தக் கார் நிறுத்துமிடத்தில் நான் அழுத அழுகை அவன் புதைந்த அன்றும் அழாதது. பனிக்கு மேல் நிற்பவர்களின் சத்தம் கீழே இருப்பவருக்குக் கேட்கும், கீழே இருப்பவரின் சத்தம் மேலே வராது. பிறகு விசாரித்துப் பார்த்தேன், உண்மைதானாம். ஆண்டவர் கேட்டது யாருடைய செபத்தை என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. அவனுடைய செபத்தை. அதற்கு அவர் தந்த பதில் என் வசவு.

அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குப் போனேன். நான் மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துச் சின்னம்மா முன்னுக்கு அழைத்தார். நான் முன்னுக்குப் போய், மலையில் நடந்ததையெல்லாம் சொன்னேன். ஆண்டவரே, உமக்கு நன்றி என்று முழு மனதோடு சொன்னேன். மலைக்குப் போகிற பிள்ளைகள் இருந்தால் முதலில் வகுப்புக்கு அனுப்புங்கள், அந்த வகுப்பும் அவர் தந்ததுதான், அவர் தந்ததை ஒரு படத்துக்காகக் கழற்றி வைக்காதீர்கள் என்றேன். உங்கள் வீட்டிலும் யாராவது புதைந்து கிடந்தால் நல்ல வார்த்தை வரும்வரை காத்திருக்காதீர்கள், வாயில் வருவதைச் சொல்லிக்கொண்டே கிண்டுங்கள், அவர் தாங்குவார், நம்புங்கள் என்றேன். கடைசியாக, அன்று மலையில் சொன்ன செபத்தை ஒரு சொல்லும் குறைக்காமல் அப்படியே சொன்னேன்.

சின்னம்மா நிலத்தைப் பார்த்தார். பின்வரிசையில் ஜூட் கதிரையைப் பிடித்து மெல்ல எழும்பி நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி "ஆமென்" என்றான்.