ஆண் நர்சுக்கு இடமில்லை

போர்வையின் ஓரத்தை அப்பா இறுகப் பிடித்துக்கொண்டிருந்த அந்தக் காலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து தனியார் மருத்துவமனையில் படுத்திருந்தார். உடம்பு துடைக்க வந்த இளம் நர்சை அவர் கிட்டேயே விடவில்லை. "ஆம்பள யாரும் இல்லையாம்மா?" என்று என்னைப் பார்த்துக் கெஞ்சினார். வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. இந்த வார்டில் ஆண் நர்ஸ் ஒருவர்கூட இல்லை என்றாள் அந்தப் பெண்.

சில மாதங்களுக்கு முன் அதே மருத்துவமனைக்குத்தான் என் தம்பி நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தான்.

தாதியர் படிப்பை நல்ல தேர்ச்சியோடு முடித்தவன். அரசாங்க வேலைக்கு அழைப்பு வரவில்லை. தனியார் மருத்துவமனைகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினான். போன இடமெல்லாம் ஒரே பதில்: பெண் நோயாளிகள் சங்கடப்படுவார்கள், ஆண்களுக்கென்று இருந்த ஓரிரு இடங்களும் நிரம்பிவிட்டன. கூடப் படித்த பெண்கள் சீருடை அணிந்துவிட்டார்கள். அவன் ஜுரு என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கப் போனான். "மிஸ்ஸி வேலைக்குப் படிக்கப் போறேன்னப்பவே வேணாம்னு சொன்னேன்லா," என்று அப்பா சாப்பிடும்போது ஆரம்பிப்பார். நர்சை இங்கே மிஸ்ஸி என்பதுதான் வழக்கம். ஆணுக்கு அப்படியொரு சொல் கிடையாது. தம்பி பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவான்.

அன்று அவனைத்தான் கூப்பிட்டேன். தொழிற்சாலைச் சட்டையோடு வந்து, கை கழுவி, கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தான். "என் மேல சாஞ்சுக்குங்கப்பா. வலிச்சா சொல்லுங்க, நிறுத்திடுறேன்." அந்தக் குரலை வீட்டில் நான் கேட்டதேயில்லை. பிறகு துணி பிழியும் சத்தம் மட்டும். திரை விலகியபோது அப்பா சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். "சாப்பிட்டியாடா?" என்றார்.

வார்டின் தலைமை நர்சும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நம் தமிழ் ஆள்தான். "இந்தத் தம்பி எங்க வேல பாக்குது?" என்று விசாரித்து, மேலிடத்தில் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். பேசியும் பார்த்தார். இடமில்லை.

"சிங்கப்பூர்ல எடுத்துக்கிறாங்கக்கா. இங்க இருந்து என்ன பண்ணப் போறேன்?" என்று ஒருநாள் தம்பி கேட்டான். அப்பாவும் தடுக்கவில்லை. இப்போது அங்கே முதியோர் வார்டில் வேலை செய்கிறான்; யார் யாருடைய அப்பாக்களையோ குளிப்பாட்டுகிறான். விடுமுறையில் வரும்போது மட்டும் இவருக்கும் தலை தேய்த்து, நகம் வெட்டிவிடுவான்.

மற்ற நாட்களில் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாகத்தான் குளிக்கிறார். மகளை உள்ளே விடமாட்டார். நான் கதவுக்கு வெளியே நிற்கிறேன். தண்ணீர்ச் சத்தம் நின்றால் "அப்பா" என்கிறேன். உள்ளேயிருந்து "ம்" என்கிறார்.