கழுகு வராத பாட்டு

போன மார்ச் இரண்டாவது வாரம், புதன்கிழமை கிளம்பி ஞாயிறு வரை கம்பத்தில் இருந்தேன். சுருளி அருவிக்கோ, குமுளி ஏறித் தேக்கடிக்கோ போன பயணம் இல்லை இது. நான் செய்த ஒரு பாட்டை அந்த ஊரில் யாரோ ஒருவர் ஒரே மாதத்தில் நானூற்றுச் சொச்சம் முறை ஓட்டியிருந்தார். அது யார், எதற்காக என்று கண்டுபிடிக்கப் போனேன். கஞ்சாவுக்குப் பேர்போன கம்பத்துக்குப் பாட்டு வேலையாகப் போகிறேன் என்றதும் ஆபீஸ் நண்பன் ஒரு மாதிரி சிரித்துவிட்டு, திரும்பி வரும்போது பையை ஒருமுறை சோதித்துக்கொள் என்றான்.

நான் கோவையில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் தர ஆய்வாளர். வருகிற பாகம் எல்லாமே பழுது என்று வைத்துக்கொண்டு தொடங்குவதுதான் என் வேலை. பழக்கதோஷத்தில் மனிதர்களிடமும் அப்படியே. மிச்ச நேரத்தில் வீட்டில் ஓர் அறையை அடைத்து மெஷின்களை வைத்துக்கொண்டு டெக்னோ இசை செய்கிறேன். எட்டு வருடம், இருபத்து மூன்று பாட்டு. எல்லாம் ஓர் இணையதளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. கேட்பவர்கள் என்று பார்த்தால் என்னோடு சேர்த்துப் பதினோரு பேர். அதில் நாலு பேர் சொந்தக்காரர்கள். அவர்கள் ஒரு பாட்டையாவது முழுதாகக் கேட்டிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

டெக்னோ தெரியாதவர்களுக்கு ஒரு பத்தி. நிமிடத்துக்கு நூற்று இருபதிலிருந்து நூற்று ஐம்பது அடி வரை போகும். நாலு அடி ஒரு வட்டம், நாலும் ஒரே கனம், ஒன்றுகூட விடுபடாது. பெரும்பாலும் பாடகர் கிடையாது, பல்லவி சரணம் கிடையாது. சத்தம் எல்லாம் மெஷினில் செய்தது, மெஷின் என்பதை மறைக்காமல் செய்தது. பங்காளி முறையான ஹவுஸ் இசையில் மனுசக் குரலும் ஒரு கதகதப்பும் இருக்கும். ட்ரான்ஸ் மெட்டை ஏற்றி ஏற்றி உச்சியில் கொண்டுபோய் விடும். டெக்னோ உங்களை எங்கும் கொண்டுபோகாது. அடியை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் மேலே இருக்கும் சத்தத்தை மட்டும் மெல்ல மெல்ல மாற்றும். ஆட்ட இசைகளிலேயே அதிகம் பரிசோதனை செய்வது நாங்கள்தான் என்று எங்கள் ஆட்கள் மார்தட்டிக்கொள்வார்கள். நானும் தட்டியிருக்கிறேன். இந்தப் பயணத்துக்குப் பிறகு அவ்வளவு பலமாகத் தட்டுவதில்லை.

ஓடிய பாட்டின் பேர் ‘கழுகு’, ஒன்பது நிமிடம். அதில் கழுகு எதுவும் கிடையாது. பேர் கொஞ்சம் கம்பீரமாக இருக்கட்டுமே என்று வைத்ததுதான். கணக்கைத் திறந்து பார்த்தால் ஒரே போனிலிருந்து, தினமும் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை, மறுபடி மாலை நாலிலிருந்து ஆறரை வரை விட்டுவிட்டு ஓடியிருக்கிறது. காலை ஆறு மணிக்கு எவன் டெக்னோ கேட்பான்? இப்போதெல்லாம் பாட்டுக் கேட்பதற்கும் மெஷின் வைத்திருக்கிறார்கள், அந்த மாதிரி ஏதோ தில்லுமுல்லு என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் பாட்டுக்குக் கீழே ஒரு வரி கண்ணில் பட்டது. ‘முத்துச்செல்வி திராட்சைத் தோட்டம், சுருளிப்பட்டி’ என்ற பேரில் யாரோ எழுதியிருந்தார்கள்: கழுகு எப்ப வரும்?

நாலு நாள் அந்த மூன்று வார்த்தையோடு குடும்பம் நடத்தினேன். இவ்வளவு நேரம் ஓட்டுகிறாயே, உச்சம் எங்கே என்று யாரோ விவரமான ஆள் குத்திக்காட்டுவதாகவே தோன்றியது. எட்டு வருடத்தில் எனக்கு வந்த முதல் விமர்சனம் அது. ஒரு முடிவுக்கு வந்தேன். நேரில் போய்ப் பார்ப்பது. நிஜமாகவே ஒரு மனுசர் கேட்டிருந்தால் தொடர்வது. இதுவும் பொய் என்றால் இருபத்து மூன்றையும் அழித்துவிட்டு, மெஷின்களை விற்று, அறையைக் காலி செய்துவிடுவது.

சிங்காநல்லூரில் காலை 5.40க்குத் தேனி பஸ் ஏறினேன். 215 ரூபாய். தேவதானப்பட்டியில் டீக்கு நிறுத்தினார்கள், பத்து நிமிடம் என்று சொல்லி இருபத்திரண்டு நிமிடம். டீ 12, வடை 10. வடை முந்தின நாளுடையது என்று இன்றைக்கும் சொல்வேன். தேனி 11.35. அங்கிருந்து கம்பம் நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், 38 ரூபாய். கம்பம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் 800 கேட்டு 650க்கு இறங்கினார்கள். இவ்வளவு சுலபமாக இறங்குகிறார்களே என்று கட்டில், தாழ்ப்பாள், ஜன்னல் மூன்றையும் சோதித்தேன். தாழ்ப்பாள் ஆடியது.

சுருளிப்பட்டி அங்கிருந்து எட்டுக் கிலோமீட்டர், ஆட்டோ 250. டிரைவருக்கு என்மேல் சந்தேகம். வனத்துறையா என்று கேட்டார், பாங்கியா என்று கேட்டார். இரண்டும் இல்லை, ஒரு பாட்டு விஷயம் என்றதும் கண்ணாடியில் என்னை நன்றாக ஒருமுறை பார்த்துக்கொண்டார். தோட்டத்துப் பேரைச் சொன்னதும்தான் அவருக்கு முகம் தெளிந்தது.

“அந்தக்கா தோட்டத்துல விடிஞ்சா அடைஞ்சா ஏதோ மிசினு ஓடுது சார். அதச் சரி பண்ண வந்த மெக்கானிக்கா?”

கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

சாலையில் இறங்கும்போதே கேட்டது. திராட்சைப் பந்தல் ஆளுயரத்துக்கு மேல் ஒன்றரை ஏக்கருக்குப் படர்ந்திருக்க, நடுவில் ஒரு கல்தூணில் குழாய் ஸ்பீக்கர் ஒன்றைக் கட்டியிருந்தார்கள், அரசியல் கூட்டத்துக்குக் கட்டுவார்களே அந்த ஜாதி. ஆறு மாதம் மெனக்கெட்டு நான் சேர்த்த அடித்தொண்டைச் சத்தம் முழுவதையும் அந்தக் குழாய் தின்றுவிட்டு, ‘டக் டக் டக் டக்’ என்பதை மட்டும் துப்பிக்கொண்டிருந்தது. இது என் பாட்டுதான் என்று தெரிய எனக்கே இரண்டு நிமிடம் பிடித்தது.

முத்துச்செல்வி அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தோட்டம் அவர் பொறுப்பு. வீட்டுக்காரர் கேரளாவுக்கு லாரி ஓட்டுகிறார், வாரத்தில் இரண்டு நாள் ஊரில் இருந்தால் அதிகம். நான் யார் என்று சொன்னதும் அவர் சிரிக்கவில்லை, உட்காரச் சொல்லவில்லை. “பாட்டுக்குக் காசு கேட்டு வந்தீகளா தம்பி?” என்றார். இல்லை என்று சொல்லியும் நம்பவில்லை. என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, பம்புக் கம்பெனிக்காரருக்கு இங்கன என்ன சோலி என்று கேட்டார். அந்த இடத்தில் எங்களுக்குள் ஓர் ஒற்றுமை இருப்பதாக எனக்குப் பட்டது. அவர் எழுதிய வரியைக் காட்டி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

“கழுகு கத்துற சத்தம் போட்டா கிளி எறங்காதுன்னு உரக்கடையில சொன்னாக. போனுல கழுகுன்னு சொன்னேன், இது வந்துச்சு. இந்தா கத்தும், இந்தா கத்தும்னு ஒம்பது நிமிசமும் காத்துக் கெடந்தேன். கடைசி வரைக்கும் கழுகு வரல. ஆனா கிளி பூராம் எந்திரிச்சுப் போயிருச்சு.”

அவமானமாக இருந்தது, அதை மறைக்க ஒன்றுமில்லை. நானூறு முறை ஓடிய பாட்டை நானூறு முறையும் கேட்டது கிளிகள். ஆறு மணிக்கு ஓடியது கிளி வரும் நேரம் என்பதால். நாலு மணிக்கு ஓடியதற்கும் அதே காரணம். சாயங்கால பஸ் எத்தனை மணிக்கு என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

அதற்குள் அக்கா ஸ்பீக்கர் கட்டிய தூணைக் காட்டினார். குழாய்க்கு அரை முழம் தள்ளி ஐந்து கிளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. முதல் இரண்டு வாரம் பயந்ததாம். “இப்பப் பழகிருச்சு தம்பி” என்றார். ஞாயிற்றுக்கிழமை திராட்சை வெட்டு. பந்தலுக்கு மேலே போட்ட வலை காற்றில் பாதி கிழிந்துவிட்டது. தேனி வியாபாரி வருவார், ஒரு கொத்தில் இரண்டு பழம் கொத்துப்பட்டிருந்தாலும் அந்தக் கொத்தை ஒதுக்கிவிடுவார். கையில் நாலு நாள்தான் இருந்தது.

அவருக்கு இரக்கப்பட்டு நான் தங்கினேன் என்று சொன்னால் பொய். பழகிவிட்டது என்ற வார்த்தை என்னைச் சுட்டது. ஒன்பது நிமிடத்தில் முப்பத்தெட்டு இடத்தில் சத்தத்தை மாற்றியிருக்கிறேன். அதில் ஒன்றுகூட ஒரு கிளியைத் திரும்பிப் பார்க்க வைக்கவில்லை என்றால் அது என்ன பரிசோதனை? ஆபீசுக்குப் போன் செய்து இரண்டு நாள் லீவு சொன்னேன்.

வியாழன் காலை 6.10க்கு மடிக்கணினியோடு பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து, பம்பு சோதிப்பதைப் போலவே ஒவ்வொன்றாகச் சோதித்தேன். மேல் சத்தங்களைத் தலைகீழாக மாற்றினேன். இரும்பு உரசுவது, கண்ணாடி உடைவது, என்னிடம் இருந்த கோரம் எல்லாவற்றையும் கொட்டினேன். கிளிகள் பழத்தைத்தான் பார்த்தன. வேகத்தை நூற்று ஐம்பதுக்கு ஏற்றினேன். கால் மணி நேரம் விலகிப் போய்த் திரும்பி வந்தன. கடைசியில் எரிச்சலில், நாலு அடியில் ஓர் அடியைப் பிடுங்கிப் போட்டேன். எந்த அடி என்பதை மெஷினே அதன் இஷ்டத்துக்கு முடிவு செய்யட்டும் என்று விட்டேன். அடி விடுபட்ட அந்த முதல் இடத்தில் பந்தலில் இருந்த கிளி முழுக்கப் படபடவென்று எழுந்தது.

அங்கேதான் எனக்கு விளங்கியது. டெக்னோவின் உயிர் என்று நான் நம்பிய, ஒருபோதும் விடுபடாத அந்த அடிதான் கிளிகளுக்குத் தைரியம் கொடுத்திருக்கிறது. அடுத்தது வரும் என்று தெரிந்தால் கிளிக்கும் பயமில்லை. எங்கள் பரிசோதனை எல்லாம் அந்த நாலு அடிப் பந்தலுக்குக் கீழேதான் நடக்கிறது. பந்தலைப் பிடுங்கினால் அது டெக்னோ இல்லை, வேறு ஏதோ. கட்டற்ற இசை என்று இத்தனை வருடம் நான் பேசியதில் பாதி வாய்ச்சவடால்.

அன்று மதியம் லாட்ஜில் உட்கார்ந்து, எந்த அடி எப்போது விழும் என்று எனக்கே தெரியாத மாதிரி இரண்டரை மணி நேரச் சத்தம் ஒன்றைச் செய்தேன். வெள்ளியும் சனியும் அதுதான் ஓடியது. வந்த கிளிகள் தோட்டத்து ஓரத்துத் தென்னையிலேயே நின்றுவிட்டன. சனி மாலை வரை பத்துக் கிளிகூட இறங்கவில்லை. ஒரு மூலையில் கெட்ட பழங்களைக் கத்தரியால் நறுக்கி எடுத்துக்கொண்டிருந்த, தோட்டத்து வேலைக்கு வரும் பேச்சியம்மா மட்டும், இதைக் கேட்டால் கை ஒரு சீராக நிற்க மாட்டேன் என்கிறது, நல்ல பழத்தையும் நறுக்கிவிடுகிறேன் என்று அக்காவிடம் குறைப்பட்டார். அவரையும் விமர்சகர் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன். அக்கா ஒரு கிலோ பன்னீர்த் திராட்சையைப் பையில் போட்டுக் கொடுத்தார். இன்னும் ஏதோ வேலை வாங்கப்போகிறார் என்று நினைத்தேன். அப்படி எதுவும் இல்லை.

ஞாயிறு நடந்ததைச் சொல்வதற்கு முன், போக நினைப்பவர்களுக்குச் சில விவரம். திராட்சைத் தோட்டங்கள் சாலையோரமே இருக்கின்றன, ஆனால் கேட்காமல் பந்தலுக்குள் நுழையாதீர்கள். மருந்து அடித்த நாளாக இருந்தால் அவர்களே தடுப்பார்கள். தோட்டத்தில் வாங்குவது கடையைவிட மலிவு, வெட்டு நாளில் இன்னும் மலிவு. கம்பத்திலிருந்து சுருளிப்பட்டிக்கு டவுன் பஸ் உண்டு, நான் திரும்பும்போது பத்து ரூபாய்தான் ஆனது, ஆட்டோவுக்குக் கொடுத்த 250ஐ நினைத்து வயிறு எரிந்தது. மாலைக் காற்று பலமாக இருக்கும், தொப்பி பறக்கும். லாட்ஜில் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

ஞாயிறு காலை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொல்லிக்கொள்ளப் போனேன். முடிவு செய்தாகிவிட்டது. பழம் தப்பித்தது, சந்தோஷம். ஆனால் என் பாட்டை மனுசர் யாரும் கேட்கவில்லை, வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் அழிப்பது. பந்தல் முழுக்கப் பதினாலு பேர் பரவி நின்று வெட்டிக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேர் நடமாடும் இடத்தில் கிளி எட்டிக்கூடப் பார்க்காது. ஸ்பீக்கர் சும்மா இருந்தது. நான் அக்காவிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே அது கரகரத்து, ‘டக் டக் டக் டக்’ என்று ஆரம்பித்தது. என் பழைய ‘கழுகு’.

யாரோ போனில் தப்பாக அமுக்கிவிட்டார்கள் என்றேன். இது பழசு, இதற்குக் கிளி பயப்படாது, இன்றைக்கு எந்தச் சத்தமும் தேவையே இல்லை என்று விளக்கினேன். அக்கா ஒரு கொத்தை வெட்டிப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

“தெரியும் தம்பி. இது கிளிக்கு இல்ல. எங்களுக்கு.”

என்னைச் சந்தோஷப்படுத்தி அனுப்புவதற்காகச் சொல்கிறார் என்றுதான் தோன்றியது. அதனால் கிளம்பாமல் நின்றேன். பாட்டு முடியட்டும், என்ன செய்கிறார்கள் பார்ப்போம் என்று. பதினாலு கத்தரியும் பாட்டின் அடி தப்பாமல் வெட்டிக்கொண்டிருந்தன. யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஒன்பதாவது நிமிடம் பாட்டு நின்றது. பேச்சியம்மா கத்தரியைப் பெட்டி மேல் வைத்தார், சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு தூணுக்குப் போனார், முதலிலிருந்து மறுபடி போட்டார்.