ஜீப் சந்துக்குள் வரவில்லை

என் சமையலறை மேடையின் மூலையில் ஒரு பித்தளைக் குடம் கவிழ்ந்து கிடக்கிறது. கிடக்கிறது என்று எழுதிவிட்டு யோசிக்கிறேன், கவிழ்த்து வைத்தவள் நான்தான். இடுப்பில் உட்காரும் இடத்தில் ஒரு ஒடுக்கு. கழுத்தைச் சுற்றித் தேய்ந்த தடம். வெள்ளிக்கிழமைதோறும் துடைக்கிறேன், பளபளவென்று ஆகிவிடுகிறது, என் முகம் அதில் அகலமாக, யாரோ ஒருத்தியின் முகம்போல் தெரிகிறது. ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் இதுவரை அதில் நான் ஊற்றியதில்லை. மும்பை செம்பூரின் இந்த மூன்றாம் மாடிக்கு இருபத்துநான்கு மணி நேரமும் தண்ணீர் வருகிறது. குழாயைத் திறந்தால் அது விழும் சத்தம் கேட்டுச் சில நாட்கள் உடனே மூடிவிடுகிறேன்.

குடம் என் அண்ணன் மனைவியுடையது. மைனி என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணச் சீராகத் திருநெல்வேலியிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். எண்பதுகளின் நடுவில், மாட்டுங்கா லேபர் கேம்ப்பில், எங்கள் சந்தில் ஒரே அறை. அதில் அண்ணன், மைனி, அவர்களுடைய ஐந்து வயது மகள், நான். அண்ணன் தாராவித் தோல் பட்டறைக்குப் போவான். நான் சயான் பக்கம் ஒரு டைப்பிங் கடையில், வருகிறவர்களுக்கெல்லாம் மனு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பாம்பேயில் எட்டு வருஷம் இருந்தும் மைனிக்குத் தமிழ் தவிர வேறு எதுவும் வராது. காய்க்காரனிடம் கையாலும் கண்ணாலும் பேரம் பேசி, அவனைவிட அதிகமாகச் சிரித்து ஜெயித்துவிடுவாள்.

ஒலிபெருக்கி கட்டிய ஜீப்பைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்களுக்கும் அரசாங்கத்துக்கும் இடையே இருந்த ஒரே பேச்சுவார்த்தை அந்த ஜீப்தான். அது வந்தால் குடிசைகளை இடிக்க வருகிறார்கள் என்று பொருள். மெயின் ரோட்டில் நின்று, மராத்தியில் எதையோ கரகரத்துவிட்டுப் போகும். சந்துக்குள் அது வராது, வரவும் முடியாது, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அகலம்தான். அது என்ன சொல்கிறது என்று காது கொடுத்துக் கேட்கும் வழக்கம் யாருக்கும் இல்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? இடிக்க வருகிறவர்கள் முதலில் பொதுக்குழாயைத்தான் அடைப்பார்கள். இரண்டு முறை பட்டு, சந்து ஒரு சட்டம் வகுத்துக்கொண்டிருந்தது: ஜீப் சத்தம் கேட்டதும் முதலில் தண்ணீர், அடுத்து ரேஷன் கார்டு, அதற்கப்புறம் கூரைத் தகரம்.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் பதினொரு மணிக்கு ஜீப் வந்தது. நான் அங்கே இல்லை. பிறகு பல வாய்களிலிருந்து கேட்டுக் கேட்டு, நானே நின்று பார்த்ததுபோல ஆகிவிட்டது. "வந்துட்டானுவ! கொடத்த எடுங்கட்டி!" என்று முதலில் கத்தியது மைனிதானாம். குழாயடிக்கு முதலில் ஓடியதும் அவள்தான். எதிர்வீட்டுக்காரி, "ஏ, ஒம் மாமனாரு போட்ட கொழாயா இது? தள்ளுட்டி" என்று இடிக்க, "எங்க மாமனாரு போட்டிருந்தா ஒனக்குச் சொட்டு கெடைக்குமா?" என்று முழங்கையால் இடத்தைப் பிடித்துக்கொண்டு மைனி நிரப்பினாளாம். பித்தளைக் குடம், இரண்டு பிளாஸ்டிக் குடம், அண்டா, குழம்புச் சட்டி, கடைசியில் பால் தூக்கு வரைக்கும். வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகக் குடம் நிறைந்ததும் முதல் டம்ளர் அண்ணன் மகளுக்கு. வேறு யாராவது வாய் வைத்துவிட்டால் அன்றைக்கு அழுகைதான். அன்றும் இடிக்கப்போகும் வீட்டின் நடுவில் நின்று, இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குடித்தாளாம். "அம்மா, தண்ணி இனிக்கி" என்றாளாம்.

ஜீப் சொன்னது இடிப்பைப் பற்றி அல்ல. சாக்கடை கசிந்து குடிநீரில் கலந்திருக்கிறது, 'பாணீ உகளூன் ப்யா', தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று சொன்னது.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதே ஜீப் என் கடை வாசலில் நின்றது. முனிசிபல் பள்ளிக்கூடத்தில் மராத்தி படித்தவள் நான், ஒரு சொல் விடாமல் புரிந்தது. டைப்ரைட்டரில் யாருடைய வேலை விண்ணப்பமோ பாதி ஏறியிருந்தது. பன்னிரண்டுக்குள் வேண்டும் என்று ஆள் பக்கத்திலேயே நின்றார். வீடு பதினைந்து நிமிட நடை. எங்கள் பக்கமும் ஜீப் போயிருக்கும், எல்லோரும் கேட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைத்ததாகப் பிறகு சொல்லிக்கொண்டேனா, இத்தனை வருஷத்துக்குப் பிறகு இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விட்டன. தெளிவாக நினைவிருப்பது இதுதான்: மேசைமேல் இருந்த என் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து வாசல் சாக்கடையில் கொட்டிவிட்டு, விட்ட வரியிலிருந்து அடிக்கத் தொடங்கினேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். இடிக்க யாரும் வரவில்லை என்பதால் சந்தே கல்யாண வீடுபோலக் கலகலத்தது. மைனி குடங்களை வரிசையாக அடுக்கித் தட்டுப் போட்டு மூடிவைத்திருந்தாள். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டே, வேடிக்கையாகத்தான், சொன்னேன்.

"இடிக்க எங்க மைனி வந்தான்? தண்ணி கெட்டுப்போச்சாம். காய்ச்சிக் குடிங்கன்னு சொல்லிட்டுப் போறான், நீங்க என்னன்னா கொளத்தையே கொண்டாந்து வச்சிருக்கிய."

அவள் குடங்களைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். அப்புறம் என்னை.

"ஏளா, நீ எப்பக் கேட்ட?"

"பதினோரு மணி இருக்கும்."

அவள் தட்டுகளை எடுத்து ஓரமாக வைத்தாள். ஒவ்வொரு குடமாகத் தூக்கி வாசலில் கவிழ்த்தாள். பித்தளைக் குடம் கை நழுவிப் படியில் விழுந்தது. அந்த ஒடுக்கு அன்று விழுந்ததுதான்.

மறுநாள் விடியும்போதே பிள்ளைக்கு வாந்தி. அண்ணன் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். வராந்தாவில் எங்களைப்போல் நிறையப் பேர் இருந்தார்கள், நிறையத் தமிழ் கேட்டது. அதற்கு அடுத்த நாள் மதியம் அவள் போய்விட்டாள். இதற்குமேல் இந்த இடத்தில் என்னால் எழுத முடியாது. முயன்றிருக்கிறேன். தாள்தான் வீணாகிறது.

பதினாறு முடிந்ததும் மைனி என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "ஊருக்கெல்லாம் மனு அடிக்கியே, எனக்கு ஒண்ணு அடி" என்றாள். இழப்பீடு கேட்கலாம் என்றான் அண்ணன். அவள் தலையை ஆட்டினாள். "அது கெடக்கட்டும். தண்ணி கெட்டுப்போச்சின்னு அவனுக்கு என்னைக்குத் தெரியும்? அத மட்டும் கேளு." ஏன் அதை மட்டும் கேட்கிறாள் என்று அண்ணனுக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்தது. எந்த டம்ளர் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். முந்தின நாட்களில் ஒன்றும் தெரியாமல் அவள் கொடுத்த டம்ளரா, அல்லது அன்று முழங்கையால் இடித்துச் சண்டை போட்டு நிரப்பி, தன் கையால் கொடுத்த அந்த முதல் டம்ளரா? எந்த வைத்தியனாலும் அதைச் சொல்ல முடியாது. ஆனால் அரசாங்கத்துக்குத் தெரியும் என்று அவள் நம்பினாள். கேட்டால் சொல்வார்கள் என்றும்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது, ஆங்கிலத்தில். நான் மொழிபெயர்த்து வாசித்தேன். அவள் கேட்ட தேதி அதில் இல்லை. வேறொரு வரி இருந்தது: முறைப்படி பொது அறிவிப்பு செய்யப்பட்டும், குடியிருப்போர் மேற்படி நீரைச் சேமித்துப் பயன்படுத்தினர்.

"இன்னொரு தடவ வாசி" என்றாள். வாசித்தேன். "சேமிச்சுன்னு போட்டிருக்கானா?" என்றாள். ஆமாம் என்றேன். அந்த வரி எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லி, எழுத்துத் தெரியாத விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்த வழக்கில், அவளுக்கு எதிராக முத்திரை போட்ட தீர்ப்பு வந்துவிட்டது.

வார்டு ஆபீசுக்குப் போனோம். அந்த வரியை அடித்து நீக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கோரிக்கை. நாலாவது முறை போனபோது ஹெட் கிளார்க்கைப் பார்க்க விட்டார்கள். தமிழர். நெற்றியில் விபூதி, மேசையில் மடித்த தமிழ் வாரப் பத்திரிகை. எங்கள் பேச்சைக் கேட்டதும் நாற்காலி போடச் சொன்னார். நல்ல மனிதர். நல்ல மனிதராக இருந்ததுதான் தாங்க முடியாமல் போயிற்று.

"இதோ பாருங்கோம்மா, எனக்கும் கொழந்தைகள் இருக்கு, மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா ஜீப் வந்தது, அனௌன்ஸ் பண்ணினா, லாக் புக்ல ஏத்தியாச்சு. இல்லேன்னு நான் எப்படி எழுதறது?"

"எந்தப் பாசையில சொன்னாவ?"

"மராத்திதான். அதுதானே ரூல்."

"சந்துக்குள்ள யாரும் நடந்து வந்து சொன்னாவளா?"

"ஜீப் போற வரைக்கும்தாம்மா போகும்."

மைனி அவருடைய விபூதியை, வாரப் பத்திரிகையை, கண்ணாடியைப் பார்த்தாள். குரல் உயரவே இல்லை. "ஐயா, நீங்க தமிழ்தான? அன்னைக்கு அந்த ஜீப்புல நீங்க ஏறியிருக்கப்படாதா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது என் செக்‌ஷன் இல்லையேம்மா" என்றார். சொன்னதும் அவருக்கே கூசியிருக்க வேண்டும், லாக் புக்கைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பினார், தன்னிடம் காட்டுவதற்கு அது ஒன்றாவது இருக்கிறதே என்பதுபோல. ஜீப் புறப்பட்ட தேதி இருந்தது. அதற்கு மேல் வரியில், தண்ணீர்ச் சோதனை அறிக்கை வந்து சேர்ந்த தேதி. நான் அதைப் படித்துவிட்டேன் என்று என் கண்ணைப் பார்த்தே தெரிந்துகொண்டு, மெதுவாகப் புத்தகத்தை மூடினார். "கையெழுத்துக்குப் போயிருந்தது. சாகேப் லீவுல இருந்தார்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை, மேசையைப் பார்த்துச் சொன்னார்.

மாடிப்படியில் இறங்கும்போது அவளிடம் சொன்னேன். "மைனி, அவங்களுக்கு நாலு நாள் முந்தியே தெரியும்."

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதல்முறையாக அவள் முகத்தில் ஏதோ தளர்ந்தது. நாலு நாள். விரல் விட்டு எண்ணினாள், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒன்று, சோற்றோடு ஒன்று, படுக்கும்போது ஒன்று. எத்தனை டம்ளர்! அவற்றில் எதுவாகவும் இருக்கலாம் அல்லவா. "நாலு நாளு தெரிஞ்சும் வாயத் தொறக்காம இருந்திருக்கான், பாவி. ஒரு மனுசிக்குத் தெரிஞ்சா ஓடி வந்து சொல்ல மாட்டாளா? அவனுக்கு நாலு நாளு. ஒனக்கு..."

நிறுத்திக்கொண்டாள்.

படியில் ஆட்கள் எங்களைத் தாண்டி ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தார்கள். அவள் சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு எழுந்தாள். "வா, பஸ் போயிரும்" என்றாள். அவள் முடிக்காத வாக்கியத்தை நான் அன்றிலிருந்து முடித்துக்கொண்டிருக்கிறேன். ஏழு மணி நேரம், மைனி. எனக்கு ஏழு மணி நேரம். எனக்கு எவன் கையெழுத்தும் தேவைப்பட்டிருக்கவில்லை.

வரியை அவர்கள் அடிக்கவில்லை. ஃபைல் மூடியாயிற்று என்றார்கள். அடுத்த வருஷத்திலிருந்து எந்த ஜீப் வந்தாலும் மைனி ஓடினாள். என்னிடம் கேட்டு ஒரே ஒரு மராத்தி வாக்கியம் கற்றுக்கொண்டாள்: 'தும்ஹீ கல்லீத் ஆலா நாஹீ', நீங்கள் சந்துக்குள் வரவில்லை. அதை ஜீப் ஜன்னலில் தொங்கிக்கொண்டு சொல்வாள். தேர்தல் ஜீப், சர்க்கஸ் ஜீப், சினிமா ஜீப், தள்ளுபடி விற்பனை ஜீப், அவளுக்கு வித்தியாசம் கிடையாது. ஓட்டுகிறவன் சிரிப்பான், சில பேர் கையைத் தட்டிவிட்டு வண்டியை எடுப்பார்கள். சந்தில் அவளுக்கு ஜீப்புக்காரி என்று பேராயிற்று. "ஜீப்புக்காரி, இன்னைக்கு எந்தப் படமாம்?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்க, அவளும் சேர்ந்துதான் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நான் பார்க்கமாட்டேன், அந்த நேரத்தில் எனக்கு எப்போதும் உள்ளே ஏதாவது வேலை இருக்கும்.

பித்தளைக் குடத்தில் அவள் மறுபடி தண்ணீர் பிடிக்கவே இல்லை. பிறகு அவர்கள் கோவண்டிக்குப் போனார்கள். கடைசியாக அவள் படுக்கையில் கிடந்தபோது என்னை அருகே கூப்பிட்டு, பரணைக் காட்டி, "அந்தக் கொடம் ஒனக்கு" என்றாள். அண்ணன் மனைவி நாத்தனாருக்குக் கொடுக்கும் சீர் என்று எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கொடுத்தாளா, ஒப்படைத்தாளா? அவள் கண்ணில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

இதை எழுத உட்கார்ந்த இன்று காலை என் கைபேசியில் ஒரு செய்தி வந்திருந்தது. எழுதும்போது சத்தத்தை அணைத்துவிடுவேன், நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். மாநகராட்சி அறிவிப்பை எங்கள் அடுக்குமாடி சொசைட்டி செக்ரட்டரி அனுப்பியிருந்தார், மராத்தியிலும் ஆங்கிலத்திலும். குழாய் உடைந்திருக்கிறது, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும். பக்கத்து மனையில் கட்டடம் எழும்புகிறது. அங்கே தகரக் கொட்டகையில் இருக்கும் பெண்கள் எங்கள் கீழ்க்குழாயில்தான் பிடிக்கிறார்கள். எந்த ஊரிலிருந்தோ வந்தவர்கள், அவர்களுக்கு யார் செய்தி அனுப்புவார்கள்? செருப்பில்லாமல் மூன்று மாடி ஓடினேன். வழியில் வாட்ச்மேன், "க்யா ஹுவா பாயி?", என்ன ஆயிற்றம்மா, என்று எழுந்து நின்றான்.

கொட்டகை வாசலில் ஒருத்தி கேன்களை நிரப்பி வரிசையாக வைத்திருந்தாள். மூச்சிரைக்க இந்தியில் சொன்னேன், காய்ச்சாமல் குடிக்காதே, பிள்ளைகளுக்குக் கொடுக்காதே. அவள் கேன்களைப் பார்த்தாள். உள்ளே படுத்திருந்த குழந்தையைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் என்னை.

"கப் ஆயா மெசேஜ்?" என்றாள். எப்போது வந்தது?

செய்தி வந்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

"அபீ" என்றேன். "அபீ ஆயா." இப்போதுதான்.

மேலே வந்தேன். ஜன்னல் வழியாக அவள் ஒவ்வொரு கேனாகக் கவிழ்ப்பது தெரிந்தது. துணியை எடுத்துக் குடத்தைத் துடைக்கத் தொடங்கினேன். ஒடுக்கு விழுந்த இடத்தில் துணி மாட்டி மாட்டி வந்தது. இன்று வெள்ளிக்கிழமை அல்ல.