எங்கள் வேலி ஆவாரம் இலை

எங்கள் காரைக்குடிப் பட்டறையில், இரும்பையும் ஆவாரம் இலையையும் மண்கலயத்தில் அடைத்து உருக்கித் தலைமுறைகளாக எஃகு எடுத்தோம். அதே முறையைத் தன் கண்டுபிடிப்பென்று ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி காப்புரிமை வாங்கியது. இது எங்கள் பழைய வேலை, அந்தக் காப்புரிமை செல்லாது என்று வழக்குப் போட்டோம்.

கம்பெனி வக்கீல் என் அண்ணனிடம் குழைந்தார்: “இந்த வித்தைய வெளியாளு யாராச்சும் பாத்திருக்காகளா?”

அண்ணன் கூண்டிலேயே மீசையை முறுக்கினான். “கட்டிக் கொடுத்த பொண்ணு புருசன் வீட்டுல சொல்லிப்புடுவாளேன்னு, அவளக்கூட உள்ள விட மாட்டோம்யா!”

அந்தப் பெருமைதான் எங்களைக் கவிழ்த்தது. ஊரறியாமல் செய்த வேலை சட்டத்தின் கண்ணில் பழைய வேலை ஆகாதாம். அண்ணனை அறையலாம் போலிருந்தது. ஆனால் நான் நின்றிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

கம்பெனியின் அனுமதி இல்லாமல் இனி அப்படி உருக்கக் கூடாது என்றார் நீதிபதி. என் வேலியில் முளைத்த இலையை என் உலையில் போட நான் எவனைக் கேட்க வேண்டும்?