அம்மா பலகாரம் வைத்த விருந்தாளி

இங்கிலாந்தில் முதுகலைக்கு நான் எடுத்த பாடம் அரசியல் வன்முறையும் பயங்கரவாதமும். அது எண்பதுகள். சிலாங்கூரில், பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்காத ஆள் இல்லை. அம்மா மட்டும் கேட்கவில்லை. "எம்மவ பயங்கரவாதம் படிக்குது லா" என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம், மளிகைக் கடையில், கோயில் வாசலில் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். "வாய மூடும்மா" என்று தலையிலடித்துக்கொள்வேன். கேட்டால்தானே!

ஆய்வுக்காகத்தான் ஊர் வந்திருந்தேன். நான் பிறப்பதற்கு முன், காட்டுக்குள்ளிருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று எங்கள் லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். அந்த நாட்களைப் பற்றித் தோட்டத்து ஆட்களிடம் கேட்டு டேப்பில் பதிந்துகொண்டிருந்தேன். அடுத்த மாதம் திரும்பிப் போய் ஆய்வேட்டைக் கொடுத்தால் பட்டம். இல்லையென்றால் படித்ததெல்லாம் பாழ்.

ஒருநாள் டவுனுக்குப் போய் பேட்டரி வாங்கிக்கொண்டு வந்தேன். அம்மாவுக்கு முகமெல்லாம் பல்.

"ஒரு தம்பி வந்துச்சு. நம்ம ஆளுதான். மாப்பிள வீட்டுல விசாரிக்க அனுப்பியிருக்காங்க போல."

"என்ன கேட்டாரு?"

"என்ன படிக்குது, யாரோட பழகுது, எப்ப திரும்பிப் போவுதுன்னு. ஒன் புஸ்தகமெல்லாம் எடுத்துக் காட்டினேன். அக்கறையா எழுதிக்கிச்சு. பொழுது சாஞ்சா நம்ம வீட்டுலதான் கூட்டம், இவ சொன்னா தோட்டமே கேக்கும்னு கொஞ்சம் சேத்துச் சொன்னேன். பொண்ணக் கொறைச்சா சொல்ல முடியும்?"

எந்த மாப்பிள்ளை வீட்டார் புத்தகத்தின் பெயரை எழுதிக்கொண்டு போவார்கள்? விசாரணையே இல்லாமல் ஆட்களை உள்ளே தள்ளிக்கொண்டிருந்த காலம் அது.

மறுவாரம் அவர் மறுபடியும் வந்தார். அம்மா அடுப்படியில் இருந்தாள். வாசலிலேயே போலீஸ் அட்டையைக் காட்டி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பாஸ்போர்ட்டக் குடுத்துருங்க. இந்தக் கோல சிலாங்கூர் மாவட்டத்தத் தாண்டக் கூடாது."

"எதுவரைக்கும்?"

"மேல உள்ளவங்கதான் முடிவு பண்ணணும்."

கத்த வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. கத்தினால் அம்மா ஓடிவருவாள். தன் வாயால் வந்த வினை என்று தெரிந்தால் செத்தே போவாள். பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினேன். அவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருக்கும்போதே அம்மா தட்டு நிறைய அதிரசத்தோடு வந்துவிட்டாள்.

"எடுத்துக்குங்க தம்பி. மாப்பிள வீட்டுல என்ன சொன்னாங்க?"

அவர் என்னைப் பார்த்தார். சொல்லிவிடாதே என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"இன்னும் முடிவு சொல்லலம்மா" என்றார். ஒரு அதிரசத்தை எடுத்துத் தின்றுவிட்டுத்தான் போனார்.

அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் ஓய்வதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள். "ரெண்டாந்தடவ வந்துட்டாங்கன்னா பிடிச்சுப்போச்சுன்னு அர்த்தம். நல்ல சேதி வர்ற வரைக்கும் நீ எங்கயும் போவக் கூடாது, சொல்லிட்டேன்."

"போவலம்மா" என்றேன்.