அண்ணன் முதுகில் புற்றுமண்

எலுமிச்சை மூட்டை ஏற்றும்போது லாரியின் மேலிருந்து அண்ணன் விழுந்து இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. இடுப்புக்குக் கீழே தொட்டால் தெரியும். கால் மட்டும் சொன்னபடி கேட்காது.

நான் வேலை பார்ப்பது மருத்துவக் கருவிகளோடு. கத்தி வைக்காமல், முதுகுத் தோலின் மேல் பட்டைகளை ஒட்டி, தண்டுவடத்துக்கு மெல்லிய மின்துடிப்பு கொடுத்தால் கால்களில் நடப்பது போன்ற அசைவு எழும். அதற்கான கருவியை எங்கள் குழு சங்கரன்கோவிலில் ஒரு பிசியோதெரபி மையத்தில் சோதித்தபோது, மருத்துவரின் ஒப்புதலோடு அண்ணனும் சேர்ந்தான். முந்தின நாள் அவன் கேட்டது ஒன்றுதான்.

"நடக்க வைப்பியான்னு கேக்கல. கால் அசைஞ்சா, அதுல என் பங்கு ஏதாவது இருக்கான்னு மட்டும் உண்மையைச் சொல்லுட்டி."

ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். பாரம் தெரியாதபடி இரண்டு கால்களையும் மேலே கட்டிய துணித் தூளிகளில் தொங்கவிட்டோம். முதுகில் பட்டைகளை ஒட்டி மின்சாரத்தைக் கூட்டினேன். ஒன்றும் அசையவில்லை. தோலில் தடை அதிகம் என்று திரை காட்டியது. என்னிடம் பதினான்கு வரிப் பட்டியல் இருந்தது. பேட்டரி, ஒயர், ஜெல், பட்டை என மூன்று முறை சரிபார்த்தேன். 'தோல் சுத்தம்' என்ற வரியை வீட்டிலேயே, அவனைக் குளிப்பாட்டியதும், டிக் செய்திருந்தேன்.

"ஏட்டி, இங்கனயும் கரண்டு கட்டா?" என்றான் அண்ணன்.

பட்டையை உரித்தேன். ஜெல்லில் செம்மண் துகள். கோவில் புற்றுமண். எங்கள் ஊரில் எந்த வலிக்கும் அதைக் குழைத்துப் பூசுவார்கள். காய்ந்து அவன் தோல் நிறத்திலேயே இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. எங்களோடு வந்திருந்த அம்மா அறை வாசலில் நின்று சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எப்போ பூசுன?"

"நீ குளிக்கப் போனப்போ."

"இது இருந்தா கரண்டு உள்ள போகாதும்மா."

"ரெண்டு வருஷமா பூசுதேன். நேத்து வந்த உன் பெட்டிக்கு இடைஞ்சலாயிட்டோ?"

"சண்டைய முடிச்சிட்டுச் சொல்லுங்க. நான் எங்கயும் ஓடிர மாட்டேன்" என்றான் அண்ணன்.

கடைசியில் அம்மாவே ஈரத்துணியால் துடைத்தாள். முந்தானை முடிச்சிலிருந்து இன்னொரு துளி மண்ணை எடுத்து அவன் நெற்றியில் வைத்தாள். "இங்கன கரண்டு போவாதுல்லா?"

"போகாதும்மா."

பட்டையை மறுபடி ஒட்டி மின்சாரம் கொடுத்தேன். இந்த முறை வலது தொடை நடுங்கியது. முழங்கால் மடங்கியது. ஒரு கால் முன்னே போக, மற்றது பின்னே வந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் தலையைத் தூக்கிக் கால்களைப் பார்த்தான்.

"இது நான் இல்லட்டி."

"ஆமா, பெட்டிதான். இப்ப நீயும் கூட நட."

கண்ணை மூடினான். கழுத்து நரம்பு புடைத்தது. திரையில் கால் வீச்சைக் காட்டும் கோடு உயர்ந்தது. நிறுத்தச் சொன்னேன், தாழ்ந்தது. மறுபடி முயன்றான், மறுபடி உயர்ந்தது. நான் மின்சாரத்தைத் தொடவே இல்லை. மூன்று முறை பார்த்த பிறகுதான் சொன்னேன்.

"கூடுற கொஞ்சம் உன்னோடது."

கருவியை அணைத்ததும் கால்கள் அசையாமல் தொங்கின.

"என்னட்டி, கால் அசையாம நின்னுட்டு?" என்று அம்மா பதறினாள்.

நான் விளக்க வாயெடுப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான். "முக்காவாசி பெட்டிம்மா. மிச்சம் நாந்தான்." பிறகு என் பக்கம் திரும்பி, "ஏட்டி, இன்னொருக்கா போடு" என்றான்.